கம்பு நட்ட இடத்துக்குப் பட்டா கிடையாது

கழிமுகத்தில் நீர் வத்தும்போது சேற்றுக்கு மேல் வரிசையாகத் தலைகாட்டும் கம்புகளைப் பார்த்தவுடன் ‘பழைய படகுத்துறை’ என்று குறித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கொஞ்சம் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். படகுத்துறைக் கம்புகள் ஜோடி ஜோடியாகக் கரையிலிருந்து ஆழத்தை நோக்கி நேராகப் போகும். மீனை மறிக்க நட்டவை ஓட்டத்துக்குக் குறுக்கே சாய்வாகப் போகும். இரண்டு வரிசைகள் அகலத்தில் தொடங்கி ஓரிடத்தில் நெருங்கும். நடுவில் இரண்டு மூன்று அடிக்கு வாய் விட்டிருக்கும். வலைப்பையோ பறியோ (மூங்கிலில் பின்னிய மீன்கூடு) கட்டிய இடம் அதுதான். நெருங்கும் முனை கடல் பக்கம் இருந்தால் வத்தத்தில், அதாவது நீர் வடியும்போது, இறங்கும் மீனுக்காக நட்டது. ஊர்ப் பக்கம் இருந்தால் ஏத்தத்தில், அதாவது கடல்நீர் உள்ளே வரும்போது, ஏறும் மீனுக்காக. பெரும்பாலும் முதல் வகைதான் பார்க்கக் கிடைக்கும். மடவை, கிழங்கான், கொடுவா, இறால் எல்லாம் ஏத்தத்தோடு கழிக்குள் ஏறிப் பரவி மேயும். வத்தத்தில் அவை ஓடைகளுக்குள் ஒடுங்கி இறங்கும்போது மறிப்பது எளிது.

உப்பனாறு, கெடிலம், தென்பெண்ணை, அரியாங்குப்பம் ஆறு, பரங்கிப்பேட்டை வெள்ளாறு, பிச்சாவரத்து ஓடைகள் என்று நம் பக்கத்துக் கழிமுகங்களைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே கல்லால் கட்டிய மீன் பொறிகளைத் தேடிப் பயனில்லை. தைவானின் பெங்ஹூ தீவுகளில் கருங்கல்லும் பவளக்கல்லும் அடுக்கிக் கட்டிய மீன் மறிப்புச் சுவர்கள் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. அங்கே நீர் மூன்று மீட்டர் வரை ஏறி இறங்கும். சுவருக்கு மேலே ஏறி வந்த மீன், நீர் வடிந்ததும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கடலூர், புதுச்சேரிக் கரையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் நல்ல அமாவாசைக்கே ஒரு மீட்டரை ஒட்டித்தான். கரை முழுக்க மணலும் களியும். அடுக்கக் கல்லும் கிடையாது. அதனால் பனை, மூங்கில், சதுப்புக் காட்டுக் கிளைகள், பிற்காலத்தில் சவுக்கு என்று மரத்தில்தான் எல்லாமே. சதுப்பு மரம் வெட்டத் தடை வந்தபின் சவுக்குதான் மிச்சம். உப்புத் தண்ணீரில் அது ஓரிரு வருஷம்தான் தாங்கும். மரம் துளைக்கும் கடல்புழு, சேற்று மட்டத்துக்குச் சற்று மேலே, எப்போதும் நனைந்திருக்கும் பகுதியில் தின்னத் தொடங்கும். வெளியில் நல்லதாகத் தெரியும் கம்பு ஒருநாள் அந்த இடத்தில் படக்கென்று ஒடியும்.

இங்கேதான் பாரம்பரியம் பேசுகிறவர்களுக்குச் சிக்கல் வருகிறது. கம்பு இரண்டு வருஷத்துக்கு முன் நட்டது. அது நிற்கும் இடம் தலைமுறைகளாக ஒரே இடம். தொல்லியல் சட்டம் நூறு வருஷப் பொருளைக் கேட்கிறது; நம்மிடம் இருப்பதோ வருஷா வருஷம் புதுப்பிக்கப்படும் ஒரு பழைய இடம். வலைஞர் குடியிருப்பைச் சொல்ல வந்த பெரும்பாணாற்றுப்படை ‘பறியுடை முன்றில்’ என்கிறது. அந்தக் காலத்துப் பறி ஒன்றுகூட எந்த அருங்காட்சியகத்திலும் இருக்க முடியாது. மூங்கில் பிளாச்சு மண்ணில் அத்தனை நாள் தங்காது. ஆனால் உள்நோக்கிக் கூராக வளைத்த உள்வாய், மீன் நுழையலாம், திரும்ப முடியாது என்ற அமைப்பு, இன்றும் வயல் மடையில் வைக்கும் பறியில் அப்படியே இருக்கிறது. காக்க வேண்டியது எது என்ற கேள்விக்கு என் பதில் இதிலிருந்துதான் வருகிறது: இடம், அங்கே ஓடும் நீர், யார் எப்போது நடலாம் என்ற முறை, செய்யும் கை. கம்பு கடைசியில்தான் வரும்.

கல்லால் ஆன இடங்களிலேயே நிலைமை இதுதான் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பட்ஜ் பிம் நல்ல சாட்சி. விக்டோரியா மாநிலத்தில் எரிமலைக் குழம்பு உறைந்த பாறைப் பரப்பில் குன்டிஜ்மாரா மக்கள் வாய்க்கால் வெட்டி, கல் அணை கட்டி, விலாங்கு மீனைத் திருப்பிக் குளங்களில் தேக்கி, வாயில் பின்னல் கூடை வைத்துப் பிடித்தார்கள். ஒரு தொகுதி 6,600 ஆண்டுப் பழமை என்று கணிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரக் குடியேறிகள் 1880களில் கொண்டா ஏரியை வடிக்கத் தொடங்கினார்கள். 1954இல் பெரிய வடிகாலும் முடிந்தது. கல் அங்கேயேதான் கிடந்தது, ஆனால் நீர் இல்லை. நீர் இல்லாத பொறி வெறும் கற்குவியல்; பண்ணை வேலி கட்ட ஆட்கள் அதிலிருந்தும் கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். 2007இல் அந்த மக்களின் நில உரிமை நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது. 2010இல் ஒரு சிறு தடுப்பணை கட்டி ஏரியில் மறுபடி நீரைத் தேக்கினார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் 2019 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல். பழங்குடிப் பண்பாட்டு மதிப்புக்காக மட்டுமே ஆஸ்திரேலியாவிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் அது. முதலில் உரிமை, அடுத்து நீர், கடைசியில் பட்டியல் என்று அந்த வரிசையைக் கவனியுங்கள். நம் ஊரில் எப்போதும் பட்டியலில் தொடங்கித்தான் மற்றவற்றை யோசிக்கிறோம்.

அதே நாட்டில் பார்வன் ஆற்றின் புருவாரினா கற்பொறிகளில் வேறொன்று படிக்கக் கிடைக்கிறது. சுமார் அரை கிலோமீட்டருக்கு நீளும் அந்தத் தொகுதியின் காவலர்கள் ஙெம்பா மக்கள். ஒவ்வொரு அடைப்பும் குறிப்பிட்ட குடும்பங்களின் பொறுப்பில் இருந்தது. அக்கம்பக்கத்து இனத்தாருக்கும் முறைப்படி பங்கு இருந்தது. பழவேற்காட்டு ஏரியில் கம்பு நட்டு வலை கட்டும் இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரிக்கும் ‘பாடு’ ஏற்பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ‘பாடு’ என்பதைப் பாரம்பரியம் என்று எழுதும்போது இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த முறைக்குள் எல்லாச் சாதியாரும் இல்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அதே ஏரியில்தான் பிழைக்கிறார்கள்.

மரப் பொறிக்கு நேரடியாகப் பொருந்துவது கனடாவின் வான்கூவர் தீவில் கோமாக்ஸ் கழிமுகம். அங்கே சேற்றில் புதைந்த மரக்கூர்கள் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்பது மதிப்பீடு. பல காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை. வத்த நேரங்களில் போய் ஒவ்வொரு கம்பையும் அளந்து வரைபடத்தில் ஏற்றிய பிறகுதான் வடிவம் தெரிந்தது. சில தொகுதிகள் இதய வடிவம், ஹெர்ரிங் மீனுக்கு. சில இறக்கை விரித்த அம்பு வடிவம், சால்மனுக்கு. பழையவை சுமார் 1,300 ஆண்டுகள். ஒற்றைக் கம்பைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நூறு கம்பை ஒரே தாளில் போட்டால் என்ன மீன், எந்த ஓட்டம், எத்தனை முறை மாற்றிக் கட்டினார்கள் என்பதெல்லாம் வெளியே வரும்.

ஆகவே அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

தை முதல் சித்திரை வரை நல்ல காலம். மழைவெள்ளம் ஓய்ந்து நீர் தெளிந்திருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாளில்தான் நீர் நன்றாக வத்தும். கிளம்புவதற்கு முன் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைபட்டால் உள்ளே ஏத்தவத்தமே இருக்காது. அட்டவணை என்ன சொன்னாலும் தண்ணீர் அசையாது. இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஓத அட்டவணை துறைமுகங்களுக்கானது. கழிக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால் வத்தம் தாமதமாகத்தான் வரும். எத்தனை தாமதம் என்பதை அந்த ஓடையில் வலை கட்டுகிறவரிடம் கேட்டால் கடிகாரம் பார்க்காமலே சொல்வார்.

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. 30 மீட்டர் டேப் இரண்டு, சிவப்பும் வெள்ளையுமாக 20 செ.மீ. இடைவெளியில் வண்ணம் அடித்த இரண்டு மீட்டர் கழி, திசைகாட்டி, பென்சில் (பேனா மை கரைந்துவிடும்), எண் எழுதிய பிளாஸ்டிக் சீட்டு, நைலான் கயிறு. முதலில் அசையாத இரண்டு புள்ளிகளைப் பிடியுங்கள்: பாலத்தூண், கோயில் மதில் மூலை, நில அளவைக் கல். போனில் வரும் இருப்பிடம் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறும். ஒரு அடி இடைவெளியில் நிற்கும் கம்புகளுக்கு அது உதவாது. போன் காட்டும் இடத்தை ஊர் தெரிவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அளவெல்லாம் அந்த அசையாப் புள்ளிகளிலிருந்தே எடுங்கள். கம்பு வரிசையை ஒட்டி 30 மீட்டர் கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றில் எத்தனையாவது மீட்டர், கயிற்றிலிருந்து செங்குத்தாக எத்தனை செ.மீ. என்று ஒவ்வொரு கம்புக்கும் இரண்டு எண். கூடவே சுற்றளவு, சேற்றுக்கு மேல் உயரம், எந்தப் பக்கம் சாய்வு, பனையா மூங்கிலா சவுக்கா வேறா என்பதும். சாய்வை விட்டுவிடாதீர்கள். எல்லாக் கம்பும் கடல் பக்கம் சாய்ந்திருந்தால் வெள்ளம் தள்ளியது. ஒன்றிரண்டு மட்டும் தாறுமாறாக இருந்தால் படகு இடித்தது.

படம் எடுக்கும்போது போனை நீண்ட மூங்கிலில் கட்டி மேலிருந்து நேராக, ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் மூன்றில் இரண்டு பங்கு மேற்பொருந்துமாறு எடுத்தால் பிறகு கணினியில் முப்பரிமாண வரைபடமாகவே ஒட்டிவிடலாம். வெயில் உச்சியில் ஈரச் சேறு கண்ணாடி மாதிரி மின்னும், படங்கள் ஒட்டாது. காலை எட்டு மணிக்கு முன் வரும் வத்தத்தைப் பிடிப்பது நல்லது. வேலை நடக்கும்போது ஒரு அளவுகழியை நீரில் நட்டு, கால் மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். பொறியின் வாய் எந்த மட்டத்தில் வேலை செய்யும் என்பதை இந்த அட்டவணைதான் காட்டும். பலரும் இதைச் செய்வதில்லை. பிறகு அழகான வரைபடம் இருக்கும், அது எப்படி மீன் பிடித்தது என்று சொல்ல முடியாமல் இருக்கும்.

கம்பைப் பிடுங்கவே கூடாது. அடிக்கூர் எப்படிச் செதுக்கியிருக்கிறது என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சேற்றுக்குள் காற்றுப் புகாமல் இருப்பதால்தான் மரம் பிழைத்திருக்கிறது. நீர் ஊறிய பழைய மரத்தின் திசுக்களைத் தாங்கி நிற்பதே அந்த நீர்தான். வெயிலில் போட்டால் ஒரு நாளில் சுருங்கி, வெடித்து, வடிவம் போய்விடும். படகோ தோண்டும் இயந்திரமோ ஏற்கெனவே பிடுங்கிப் போட்டது கிடைத்தால் உடனே தண்ணீர்த் தொட்டியில் முழுக்க மூழ்க வைத்து, வெளிச்சம் படாமல் மூடி, தண்ணீரை அடிக்கடி மாற்றிக்கொண்டே தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பாலிஎதிலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளை மரத்துக்குள் ஏற்றிப் பதப்படுத்த மாதக்கணக்காகும், பெரிய மரத்துக்கு வருஷக்கணக்கு.

காலக்கணிப்பில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்திலும் டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்திலும் கதிரியக்கக் கரிம ஆய்வு செய்கிறார்கள். ஆனால் 1650க்கும் 1950க்கும் இடைப்பட்ட மரத்துக்கு அந்த முறை துல்லியமாகப் பேசாது. வளிமண்டலத்தில் கதிரியக்கக் கரிமம் ஏறி இறங்கிய காலம் என்பதால் ஒரே மாதிரிக்கு மூன்று நான்கு காலகட்டங்கள் விடையாக வரும். நம் கழிமுகக் கம்புகளில் பலவும் அந்த இடைவெளிக்குள்தான் விழும். சிப்பி ஓட்டைக் கொடுத்தால் கடல்நீரின் பழைய கரிமம் கலந்து, உள்ளதைவிட வயது கூடிக் காட்டும். மரத்தின் ஆண்டு வளையத்தை எண்ணலாமே என்றால் பனைக்கும் மூங்கிலுக்கும் வளையமே கிடையாது. அதனால் பழைய நில அளவை வரைபடங்கள், துறைமுக வரைபடங்கள், ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி ஆகிய மூன்றையும் மரத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

அழிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கம்பைத் திருடுகிறவர் யாரும் இல்லை. துறைமுகத்துக்காகத் தோண்டுவது, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டு மணல் ஓட்டத்தை மாற்றுவது, இறால் பண்ணைக்காக ஓடையின் வாயை அடைத்துக் கரை போடுவது, சுற்றுலாப் படகின் அலை கரையை அரிப்பது எல்லாமே நீரோடு சம்பந்தப்பட்டவை. மேலே அணையில் நீர் தேங்கிப்போனால் முகத்துவாரம் அடைபடும். மொத்தமாகத் திறந்தால், 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்தது போன்ற வெள்ளம் அடிச்சேற்றோடு கம்பையும் வாரிக்கொண்டு போகும். அரிப்பில் வெளியே வந்த பழைய கம்புகளுக்கு மேல் துணிவிரிப்புப் போட்டு மணல்மூட்டை அடுக்கி மறுபடி மூடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். மூடினால் காற்று போகாது, கடல்புழு சாகும். மூட்டையைச் செங்குத்தாக அடுக்கினால் அதன் ஓரத்தில் நீர் சுழன்று புதிய பள்ளம் பறிக்கும். சரிவாக, ஓரம் சேற்று மட்டத்தோடு கலக்கும்படி போட வேண்டும்.

சட்டத்துக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டுமானத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கினால்தான். 2010 திருத்தத்திலிருந்து இது கறார். அரியாங்குப்பம் ஆற்றங்கரையின் அரிக்கமேடு போன்ற இடத்துக்கு இது சரி. உயிரோடு இருக்கும் மீன்பிடி இடத்துக்கு இதைக் கொண்டுவந்தால் முதலில் பாதிக்கப்படுவது கரையில் வீடு கட்ட வேண்டிய குப்பத்துக்காரர்தான். எனக்கு இந்த வழியில் நம்பிக்கை இல்லை.

பிச்சாவரம் காப்புக்காடு, 2022 முதல் ராம்சார் இடமும்கூட (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்). அங்கே 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கைகொடுக்கும். பிரிவு 3 நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட பொருள்களின் மீது சமூக உரிமையைத் தெளிவாகச் சொல்கிறது. இருளர் தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடி என்பதால் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் 75 ஆண்டு காட்ட வேண்டும். மனு கிராம சபை வழியாகத்தான் போகும். குறைந்தது இரண்டு வகைச் சான்று வேண்டும். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் எழுதி வாங்கிய வாக்குமூலமும் அதில் ஒன்றாகச் செல்லும். மேலே சொன்ன அளவுகளை, கம்பு வரைபடத்தை, இந்த மனுவோடு இணைப்பதுதான் அவற்றுக்கு நல்ல பயன். புதுச்சேரியில் இருளர் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டது 2016இல்தான்; அதற்கு முந்தைய சாதிச் சான்றைக் கேட்டு அலைக்கழிக்கும் அதிகாரி இருந்தால் இந்த ஆண்டைச் சுட்டிக்காட்டுங்கள்.

இறாலைச் சேற்றில் கையால் தடவிப் பிடித்து, பல்லில் கடித்த ஓலைப் பறியில் போடும் இருளர் பெண்களின் வேலைக்குக் கம்புமில்லை, கல்லுமில்லை. அதை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது? எந்த ஓடை, எந்த மாதம், எந்த மட்டத்து நீர் என்று பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சியின் குழு வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றலாம். முத்துப்பேட்டையில் மீனவர்கள் சதுப்பில் வெட்டிய மீன்பிடி வாய்க்கால்களும் இந்த ரகம்தான். ஏத்தத்தில் மீன் ஏறும், வாயை அடைத்துப் பிடிப்பார்கள். அந்த வாய்க்கால் ஓரம் நீரோட்டம் கிடைத்துச் சதுப்பு மரமும் தழைக்கும்.

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இன்னொரு பிடி. 2019 அறிவிக்கையில் தொல்லியல் மதிப்புள்ள அமைப்புகளும் பாரம்பரிய இடங்களும் மிகக் கடுமையான காப்புக்குரிய பிரிவில் வருகின்றன. கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீன்பிடிப் பகுதிகளையும் மீன் குஞ்சு பொரிக்கும் இடங்களையும் குறித்தாக வேண்டும். வரைவு வரைபடம் கருத்துக்கேட்புக்கு வரும்போது ‘எங்கள் ஊர் விடுபட்டுள்ளது’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கோப்பில் கிடக்கும். ஓடையின் பெயர், இரண்டு முனைகளின் இருப்பிடம், நீளம், எந்த மாதங்களில் பயன்பாடு, வரைபடத் தாள் எண் என்று ஒரே பக்கத்தில் கொடுத்தால் ‘பொருத்தமில்லை’ என்று தள்ளுவது அவர்களுக்குக் கஷ்டம்.

பாரம்பரியம் என்ற பெயரில் எதையும் மூடி மறைக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளாச்சுப் பறியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது, பொடிசு தப்பித்தது. இப்போது அதே இடத்தில் கொசுவலைக் கண் அளவு நைலானை ஓடை அகலத்துக்கும் கட்டினால் கொடுவாக் குஞ்சும் இறால் குஞ்சும் சேர்ந்து அள்ளப்படும், பாசி பிடித்து நீரோட்டமும் நிற்கும். அந்த இடத்தைப் பதிவு செய்யும்போது வலைக்கண்ணின் அளவையும் ஓடையில் எத்தனை பங்கு திறந்து விடப்படுகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பதிவு முடிந்ததும் துல்லியமான இருப்பிடங்களை இணையத்தில் போடாதீர்கள். எந்த ஓடையில் எப்போது இறால் இறங்கும் என்பது ஊர்க்காரரின் பிழைப்பு. முழு வரைபடத்தின் ஒரு பிரதி ஊர்ப் பஞ்சாயத்திடம், இன்னொன்று இருளர் குடியிருப்பில் அவர்கள் சொல்லும் ஒருவரிடம், மூன்றாவது அதிகாரபூர்வ மனுவோடு. வெளியே காட்டும் பிரதியில் ஓடையின் பெயர் மட்டும் போதும். அடுத்த மழைக்காலம் கழிந்ததும் அதே அசையாப் புள்ளிகளிலிருந்து மறுபடி ஒருமுறை அளந்து, எத்தனை கம்பு போயிற்று, எத்தனை புதிதாக நட்டிருக்கிறார்கள் என்று முதல் தாளிலேயே வேறு நிறப் பென்சிலில் குறித்து வையுங்கள்.